உங்கள் நிலத்தின் மேல் மின்பாதை வருகிறதா? அளவுக் குச்சி நட்ட நாள் முதல் இழப்பீடு கைக்கு வரும் வரை

கடலைக்காட்டின் நடுவில் மூன்று கால் கருவியை நிறுத்திக்கொண்டு இரண்டு பேர் நிற்பார்கள். கேட்டால் "சும்மா அளவு பார்க்கிறோம்" என்பார்கள். உயர் அழுத்த மின்பாதை தம் நிலத்தைக் கடக்கப்போகிறது என்ற செய்தி பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் வந்து சேருகிறது. எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. இன்று எங்கள் நிலத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. அதற்கான இழப்பீட்டை வாங்கி முடிப்பதற்குள் நான் கற்றுக்கொண்டதை வைத்து, பிறகு அக்கம்பக்கத்தில் பலருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் ஆட்கள் எந்தப் படியில் வழுக்குகிறார்கள் என்பது இப்போது எனக்கு நன்றாகவே தெரியும்.

அநேகமாக எல்லோரும் வழுக்குவது வரிசையில். குழி தோண்டிய பிறகு பட்டாவைத் தேடுகிறார்கள், மரத்தை வெட்டிய பிறகு எண்ணுகிறார்கள், கையெழுத்துப் போட்ட பிறகு படிக்கிறார்கள். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். 66 கே.வி.யும் (கிலோவோல்ட்) அதற்கு மேலும் அழுத்தமுள்ள கோபுர மின்பாதைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சாதாரணக் கம்பங்களுக்கு எங்கே மாறுபடும் என்பதை இடையிடையே சொல்கிறேன்.

1. எதை எடுக்கிறார்கள், எதை எடுக்கவில்லை

இது நில எடுப்பு அன்று. மின்பாதைக்கு 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் பயன்படுகிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, தந்திக் கம்பி இழுக்க இருந்த அந்த அதிகாரத்தை மின்பாதை அமைக்கும் நிறுவனத்துக்கும் வழங்க அரசுக்கு இடம் தருகிறது. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதும், மின்பாதைகளைப் பொறுத்தவரை பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதியைத் தக்கவைத்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவைக் கட்டாயம் படித்துவிடுங்கள். நிறுவனத்துக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே என்று அது சொல்கிறது. நிலம் உங்களுடையதாகவே இருக்கும், பட்டாவும் உங்கள் பெயரிலேயே இருக்கும். இயன்ற அளவு குறைவான சேதத்துடன் வேலை செய்ய வேண்டும், ஏற்பட்ட சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்ற இரண்டு கடமைகளும் அதே பிரிவில் உள்ளன. உங்கள் மனுக்கள் எல்லாம் இந்த இரண்டு கடமைகளின் மேல்தான் நிற்கப்போகின்றன.

இங்கே ஒரு கசப்பையும் விழுங்கியாக வேண்டும். 164ஆம் பிரிவின் அதிகாரம் இருந்தால் உங்கள் முன்சம்மதம் தேவையில்லை. பவர் கிரிட் நிறுவனத்துக்கும் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிறர் நிலத்தின் வழியே செல்வது போன்ற உரிமைகளைப் பற்றிய 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தைக் காட்டி "நான் வழி கொடுக்கவில்லையே" என்று உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த உரிமை அந்தச் சட்டத்திலிருந்து பிறப்பதில்லை. ஆகவே அந்த வாதம் எடுபடுவதில்லை. அதற்குள் ஓராண்டு கழிந்துவிடும், கோபுரமும் எழுந்துவிடும்.

2. எந்த அதிகாரத்தின் கீழ் வருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. வந்தவர்களிடம் வாயால் கேட்காதீர்கள். அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்களாக இருப்பார்கள், அவர்களுக்கும் தெரியாது. மின்பாதை நிறுவனத்தின் திட்டப் பொறியாளருக்கு ஒரு கடிதம், மாவட்ட ஆட்சியருக்கு அதன் நகல். இரண்டையும் ஒப்புகை கிடைக்கும் அஞ்சலில் அனுப்புங்கள். கேட்க வேண்டியவை இவை: மின்பாதையின் பெயரும் அழுத்தமும், மின்சாரச் சட்டம் 68ஆம் பிரிவின் கீழான முன்ஒப்புதல் ஆணையின் நகல், 164ஆம் பிரிவின் கீழான ஆணையின் நகல், உங்கள் புல எண்ணில் பாதை செல்லும் வரைபடம், கோபுரத்தின் எண்ணும் வகையும், வழித்தடத்தின் (கம்பிக்கு அடியிலும் இருபுறமும் பாதைக்கென ஒதுக்கும் நிலப் பட்டையின்) அகலம்.

164ஆம் பிரிவு ஆணை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து நீங்கள் முறையிட வேண்டிய இடமே மாறுவதால்தான் இவ்வளவு விவரம். ஆணை இல்லை என்றால், 2006ஆம் ஆண்டின் உரிமதாரர் பணிகள் விதிகள் பொருந்தும். அப்போது நில உரிமையாளரின் முன்சம்மதம் தேவை. நீங்கள் ஆட்சேபித்தால், மாவட்ட ஆட்சியரிடமோ அரசு அதிகாரமளித்த அலுவலரிடமோ எழுத்து மூலம் அனுமதி பெற்ற பிறகே வேலை தொடங்க முடியும். அவர் உங்களை விசாரித்து இழப்பீட்டையோ ஆண்டு வாடகையையோ நிர்ணயிப்பார். இழப்பீட்டில் தகராறு என்றால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆணை இருந்தாலோ, தகராறு மாவட்ட நீதிபதியிடம் போகும். தவறான கதவைத் தட்டி ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. நிறுவனம் தனியாருடையது என்றால் அதனிடம் நேரடியாகக் கேட்கும் வழி அடைபட்டிருக்கும். அப்போது அதே தாள்களை ஆட்சியர் அலுவலகத்திடம் கேளுங்கள், நகல் அங்கே இருக்கும்.

3. பட்டாவைச் சரிசெய்யுங்கள்

சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பணம் நிற்பது இங்கேதான். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். அல்லது நான்கு பங்காளிகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும், அதில் ஒருவர் இறந்திருப்பார். இழப்பீடு பெற உரியவர் யார் என்பதில் தகராறு இருந்தால், நிறுவனம் தொகையை மாவட்ட நீதிபதியின் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு வேலையைத் தொடரலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. பிறகு அதை எடுப்பதற்கு நீங்கள் ஒரு தனி வழக்கு நடத்த வேண்டியிருக்கும்.

ஆகவே வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், உட்பிரிவு எது பாக்கியோ அதை அளவுக் குச்சியைப் பார்த்த மாதமே தொடங்குங்கள். பட்டா, சிட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, மூலப் பத்திரத்தின் நகல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

அடங்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிலத்தில் என்ன பயிர், எத்தனை மரம் என்பதற்கு அரசுப் பதிவு அதுதான். பல ஊர்களில் பத்து ஆண்டுகளாக ஒரே பயிரை வரிக்கு வரி திரும்ப எழுதி வைத்திருப்பார்கள். தென்னந்தோப்பு நிற்கும் இடத்தில் அடங்கல் இன்னும் சோளம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். கிராம நிர்வாக அலுவலரை நிலத்துக்கே அழைத்துவந்து, நடப்புப் பசலியில் உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லி மனுக் கொடுங்கள். வேலை தொடங்கிய பிறகு திருத்தினால், பணத்துக்காகத் திருத்தியதாகவே எதிர்த்தரப்பு பேசும்.

குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைதாரரையும் இப்போதே உட்காரவைத்துப் பேசுங்கள். நலன் உள்ள எல்லோருக்கும் இழப்பீடு என்கிறது சட்டம். பயிர் இழப்பு அவருக்கு, நில மதிப்பு இழப்பு உங்களுக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு இருக்காது.

4. நிலம் இன்று எப்படி இருக்கிறது என்பதைப் பதிவு செய்யுங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவரிடம் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

எங்கள் தோப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மரம் எண்ண வந்தவர் காலை பத்தரைக்கு வந்து பதினொன்றே காலுக்குப் புறப்பட்டுவிட்டார். அவர் தாளில் 34 தென்னை. நாங்கள் முதல் நாளே ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சளவு உயரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் போட்டு வைத்திருந்தோம். கடைசி எண் 41. மீதி ஏழு எங்கே என்று கேட்டதற்கு "அதெல்லாம் கன்று" என்றார். கன்றுகள்தாம், நான்கு வயதுக் கன்றுகள், அடுத்த ஆண்டு பாளை விடக்கூடியவை. தண்டில் எண் இருந்ததால் மறுபடி நடந்து எண்ண வைக்க முடிந்தது. எண் இல்லாத பக்கத்துத் தோப்பில் அதே ஆள் எழுதிய கணக்குதான் கடைசிவரை நின்றது. அவர் கெட்டவர் அல்லர். வெயில், அன்றைக்கு அவருக்கு இன்னும் மூன்று தோட்டம் பாக்கி.

செய்ய வேண்டியது இதுதான். வரைபடத்தில் கண்ட வழித்தடத்தின் இரு ஓரத்தையும் நிலத்தில் கயிறு கட்டிக் குறியுங்கள். அதற்குள் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண், வகை, வயது, அடிமரச் சுற்றளவு. கிணறு, ஆழ்துளைக் கிணறு, நிலத்தடிக் குழாய், சொட்டுநீர்க் குழாய், கல்கட்டு, வேலி ஆகியவற்றையும் எழுதுங்கள். இருப்பிடக் குறியீடும் தேதியும் பதியும் கேமராவில் படம் எடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட, 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்று தர வேண்டும். எடுத்த தொலைபேசியும் மூலக் கோப்பும் கையில் இருந்தால் அந்தச் சான்று எளிது.

மரங்களின் விளைச்சல் மதிப்புக்குத் தோட்டக்கலைத் துறையிடமும், பயிருக்கு வேளாண்மைத் துறையிடமும் மதிப்பீடு கேட்டு மனுக் கொடுங்கள். தேங்காய் வியாபாரி கொடுத்த பழைய சீட்டு, கூட்டுறவுச் சங்கப் பற்றுச்சீட்டு, ஆலைக்குக் கரும்பு அனுப்பிய ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். நீதிபதி முன் ஆண்டு வருமானத்தை மெய்ப்பிக்கப்போவது அந்தக் கசங்கிய தாள்கள்தாம்.

5. நகர்த்தக் கேட்பதானால் அடித்தளக் குழிக்கு முன்

பாதையை மொத்தமாக வேறு ஊர்வழி திருப்பச் சொல்லும் மனுக்கள் தோற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் கோபுரத்தை இருபது முப்பது மீட்டர் நகர்த்தக் கேட்டவர்களில் சிலருக்கு அது கிடைத்திருக்கிறது. இதில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு.

மின்பாதை ஒரு கோணக் கோபுரத்திலிருந்து (பாதை திரும்பும் இடத்தில் நிற்பது) அடுத்த கோணக் கோபுரம் வரை நேர்கோடாகப் போகும். இடையில் நிற்பவை கம்பியைத் தாங்கும் சாதாரணக் கோபுரங்கள். கோட்டை விட்டு விலகி நகர்த்தச் சொன்னால் புதிய கோணம் வரும். கோணம் வந்தால் அதிக எடையுள்ள கோபுரம், பெரிய அடித்தளம், கூடுதல் செலவு. ஆகவே மறுப்பார்கள். அதே கோட்டிலேயே முன்னோ பின்னோ தள்ளச் சொன்னால், இரு கோபுரங்களுக்கு இடையிலான தூரம் மட்டுமே மாறும். கம்பித் தொய்வுக்கும் தரைக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ள அவர்களுக்கும் சிரமமில்லை.

எனவே "என் நிலத்தில் வேண்டாம்" என்று எழுதாதீர்கள். "கோபுரம் எண் இன்னதை அதே நேர்கோட்டில் கிழக்கே வரப்பு ஓரத்துக்கு நகர்த்தினால் கிணறு தப்பும்" என்று புல வரைபடத்தில் பென்சிலால் குறித்து அனுப்புங்கள். நடுக்காட்டில் நிற்கும் கோபுரத்தைச் சுற்றி ஆயுள் முழுக்க டிராக்டரை வளைத்து ஓட்ட வேண்டும். வரப்பில் நின்றால் அந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

6. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

இழப்பீடு என்றதும் எல்லோரும் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். பணம் அதிகம் இருப்பது கம்பியின் அடியில்.

மத்திய மின் அமைச்சகம் 2015 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி செல்லும் வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று இருந்தது. 2024 ஜூனில் அதைத் திருத்தி, கோபுர இடத்துக்கு 200 சதவீதம், வழித்தடத்துக்கு 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். கோபுர இடம் என்பது நான்கு கால்களுக்கு உட்பட்ட பரப்பும், ஒவ்வொரு பக்கமும் கூடுதலாக ஒரு மீட்டரும் சேர்ந்தது. நகர்ப்புறங்களுக்கு 2025 மார்ச்சில் துணை நெறிகள் வந்தன.

இவை மத்திய அரசின் நெறிகள். மாநில அரசு எதை, எந்தத் தேதியிலிருந்து ஏற்றிருக்கிறது என்பதை அதன் ஆணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 66 கே.வி.க்குக் கீழே உள்ள கம்பப் பாதைகளுக்கு இந்த நெறிகள் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 400 கே.வி. பாதை, வழித்தட அகலம் 46 மீட்டர், உங்கள் நிலத்தில் 120 மீட்டர் நீளத்துக்குப் போகிறது. பரப்பு 5,520 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 136 சென்ட். கோபுரத்தின் கால்களுக்கு இடையே 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு ஒரு மீட்டர் சேர்த்து 14க்கு 14, அதாவது 196 சதுர மீட்டர், ஐந்து சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. சென்ட் 10,000 ரூபாய் என்று கொண்டால், 2024 நெறிப்படி கோபுர இடத்துக்கு ஏறத்தாழ 97,000 ரூபாய். கோபுரப் பரப்பைக் கழித்து மீதமுள்ள 131 சென்ட் வழித்தடத்துக்கு ஏறத்தாழ 3,93,000 ரூபாய். கோபுரத்துக்கான தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் எவ்வளவை விட்டுவிட்டுப் போனார் என்று பாருங்கள். பயிர், மரம், குழாய் சேதம் இதில் சேராது. அவை தனி.

அகலத்தைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். 2015 நெறிகளின் இணைப்பில் 110 கே.வி.க்கு 22 மீட்டர், 220 கே.வி.க்கு 35 மீட்டர், 400 கே.வி.க்கு 46 மீட்டர் என்று இருக்கிறது. உங்கள் பாதைக்குத் திட்ட வரைபடத்தில் குறித்த அகலமே கணக்கு. இரு ஓரக் கம்பிகளுக்கு இடைப்பட்ட அகலத்தை மட்டும் அளந்து காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்றில் கம்பி ஆடும் தூரமும் பாதுகாப்பு இடைவெளியும் வழித்தடத்துக்குள்தான் வரும்.

7. ஆட்சியர் விசாரணைக்குப் போகும்போது

நில மதிப்பை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஆட்சியர் மட்டத்தில் நடக்கும். பத்திரப்பதிவு வழிகாட்டி மதிப்பை அடிப்படையாக வைத்துத் தொடங்குவார்கள். சந்தை மதிப்பு அதைவிட அதிகம் என்றால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நடைமுறையில் உங்கள் தலையில் விழும். கடந்த மூன்று ஆண்டுகளில் அதே கிராமத்தில், அதே வகை நிலத்துக்குப் பதிவான பத்திரங்களின் சான்றிட்ட நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். சாலையோர மனைப் பத்திரத்தை உட்புறக் காட்டுக்குக் காட்டாதீர்கள். அந்த ஒன்றைக் காரணம் காட்டி மற்ற மூன்றையும் ஒதுக்கிவிடுவார்கள்.

வேலையைத் தடுத்து நிற்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தடுத்தால், தந்திச் சட்டம் 16ஆம் பிரிவின் முதல் உட்பிரிவின் கீழ் நிறுவனம் ஆட்சியரிடம் அனுமதி கேட்கும். அவர் உத்தரவிடும் வரை உங்கள் ஆட்சேபத்துக்குக் கொஞ்சம் எடை உண்டு, பேச்சுவார்த்தைக்கு நேரமும் கிடைக்கும். உத்தரவு வந்த பிறகும் தடுப்பது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 188 என்று இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு. விசாரணை அறிவிப்பு வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். வாய்மொழியாகக் கத்திவிட்டு வராமல், எழுத்து ஆட்சேபத்தைக் கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்கி வாருங்கள்.

8. வேலை நடக்கும் நாட்கள்

வண்டி மூன்று முறை வரும்: அடித்தளம் போட, கோபுரம் நிறுத்த, கம்பி இழுக்க. மூன்றுக்கும் இடையே மாதங்கள் ஓடும். அதற்குள் நீங்கள் மறுபடி விதைத்திருப்பீர்கள். ஆகவே பயிர் இழப்பும் மூன்று முறை. முதல் முறை கொடுத்ததோடு முடிந்தது என்று மேற்பார்வையாளர் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் வண்டி நுழையும் முன்பும் போன பின்பும் அதே இடங்களில் நின்று படம் எடுங்கள். கோபுர இடத்தை மட்டும் எடுத்தால் போதாது. சாலையிலிருந்து அங்கே வரும் வழி முழுவதும் வேண்டும். ஜல்லி லாரி ஏறிய தடத்தில் இரண்டு போகம் வரை வேர் இறங்காது. உடைந்த வரப்பு, நசுங்கிய சொட்டுநீர்க் குழாய், குழியிலிருந்து எடுத்துப் பரப்பிய அடிமண், மீதிக் கான்கிரீட் கட்டிகள் எல்லாமே சேதம்தான். அன்றன்றே எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்துக் கேளுங்கள். அவர் மறுத்தால் "கையெழுத்திட மறுத்தார்" என்று நீங்களே எழுதி, அந்தத் தாளை அன்று மாலையே அஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

9. கையெழுத்து

இரண்டு தாள்களில் கவனம் வேண்டும். ஒன்று, மரம், பயிர் எண்ணிக்கைப் பட்டியல். வெற்றுக் கட்டங்கள் இருக்கும்போது கையெழுத்திடாதீர்கள். "அலுவலகத்தில் நிரப்பிக்கொள்கிறோம்" என்பார்கள். காலியாக உள்ள ஒவ்வொரு வரியிலும் குறுக்கே கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்திட்டு, அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, பணம் வாங்கும்போது நீட்டும் ஒப்புகை. அதன் கடைசிப் பத்தியில் "முழு இழப்பீட்டையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கும். தொகை போதாது என்று நினைத்தால், பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்க வேண்டாம். ஆனால் கையெழுத்துக்கு மேலே "தொகை போதாது என்ற ஆட்சேபத்துடன், உரிமைக்குப் பங்கமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதுங்கள். அப்படி எழுதினால் காசோலை தர மாட்டோம் என்றால், அதையே கடிதமாக எழுதி ஆட்சியருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். எது எதற்கு எவ்வளவு என்ற பிரிவுக் கணக்கும் இல்லாமல் மொத்தத் தொகைக்குக் கையெழுத்திடாதீர்கள். பிறகு எதில் குறைந்தது என்று நீதிபதிக்குச் சொல்ல முடியாது.

10. மாவட்ட நீதிபதியிடம் மனு

164ஆம் பிரிவு ஆணை உள்ள பாதைகளில், தொகை போதாது என்றால் தந்திச் சட்டம் 16ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின் கீழ் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம். காலவரம்பு மூன்று ஆண்டு. இது கேரள மின்வாரியத்தின் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்த்து வைத்த விஷயம். மரம் வெட்டிய நாளும் பணம் கொடுத்த நாளும் வெவ்வேறாக இருக்கும். முந்தைய நாளிலிருந்தே மூன்று ஆண்டைக் கணக்கிட்டுக்கொள்வது பத்திரம்.

நீதிபதி எவற்றைப் பார்ப்பார் என்பதற்கு 2007இல் வந்த லிவிஷா வழக்குத் தீர்ப்பு வழிகாட்டுகிறது: நிலம் எங்கே இருக்கிறது, கம்பி எவ்வளவு தூரத்துக்குப் போகிறது, ஓரமாகத் தொட்டுப் போகிறதா, நடுவே பிளந்துகொண்டு போகிறதா, நிலத்தின் மதிப்பு என்ன. உங்கள் மனுவையும் இந்த வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். நடுவே பிளக்கிறது என்றால் புல வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் காட்டுங்கள். கம்பியின் இருபுறமும் எஞ்சிய துண்டுகளின் பரப்பையும் எழுதுங்கள். இங்கே நிர்ணயிக்கும் தொகைக்கு எதிராக வழக்கமான மேல்முறையீட்டை இந்தச் சட்டம் தரவில்லை. உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரம் மட்டும் மிச்சம், அங்கே புதிய சாட்சியம் எடுக்க மாட்டார்கள். நான்காம் படியில் சேர்த்ததை எல்லாம் இங்கேயே கொட்டிவிட வேண்டும்.

சில நூறு ரூபாய் வேறுபாட்டுக்கு இந்த வழக்கு தேவையில்லை என்பது என் கருத்து. வழித்தடத்துக்குத் தொகையே தராதது, தோப்பை மானாவாரி என்று மதிப்பிட்டது போன்ற பெரிய குறைகளுக்கே இது தகும்.

11. கம்பி ஏறிய பிறகு

கடலை, காய்கறி, தீவனம் போன்ற உயரம் குறைந்த பயிர்களுக்குத் தடை இல்லை. கரும்புச் சோகையைக் கம்பிக்கு அடியில் எரிக்காதீர்கள். புகையும் தீயும் மின்பாதையைத் துண்டிக்கும், கீழே நிற்பவரையும் தாக்கும். தேங்காய் பறிக்க அலுமினியத் தொரட்டியைக் கொண்டுபோகாதீர்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியின் நெடிய தூணை அந்த வழித்தடத்தில் நிமிர்த்த முடியாது. அங்கே நீரோட்டம் இருப்பதாக ஏற்கெனவே குறித்து வைத்திருந்தால், அந்த இழப்பையும் பத்தாம் படி மனுவில் சேர்த்திருக்க வேண்டும்.

கம்பி வந்த பிறகு நட்ட மரத்தை வெட்டினால் இழப்பீடு இல்லை. கம்பிக்கு முன்பே நின்ற மரம் என்றால் உண்டு. எந்த மரம் எப்போதிருந்து நிற்கிறது என்பதைச் சொல்ல உங்கள் பெயின்ட் எண்கள் இங்கேயும் உதவும்.

வீடு கட்டுவதானால், 11 கே.வி. கம்பிக்கும் கூரைக்கும் செங்குத்தாக 3.7 மீட்டரும், பக்கவாட்டில் 1.2 மீட்டரும் குறைந்தபட்சம் விட வேண்டும். 33 கே.வி.க்குப் பக்கவாட்டில் 2 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு 33 கே.வி.க்கும் இரு அளவிலும் 0.3 மீட்டர் கூடும். கம்பி வெயிலில் மிக அதிகமாகத் தொய்ந்த நிலையில் இருந்து செங்குத்து இடைவெளியை அளக்க வேண்டும், காலைக் குளிரில் அளந்து கட்டினால் கணக்குத் தவறிவிடும். உயர் அழுத்தக் கோபுரப் பாதையின் வழித்தடத்துக்குள் கட்டடமே எழுப்பாமல் இருப்பதுதான் நல்லது.

பின்னாளில் நிலத்தை வேறு விதமாகப் பயன்படுத்தக் கம்பியை நகர்த்த வேண்டி வந்தால், தந்திச் சட்டம் 17ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். இழப்பீடு வாங்கியிருந்தால், நகர்த்தும் செலவு அல்லது வாங்கிய இழப்பீட்டில் பாதி, இரண்டில் எது குறைவோ அதை முன்வைத்துக் கேட்க வேண்டும். நிறுவனம் கவனிக்காவிட்டால் ஆட்சியரிடம் மனு. ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் அவர் விருப்பம். கோபுரத்தை அசைத்து நான் பார்த்ததில்லை, கம்பங்களை அசைத்துப் பார்த்திருக்கிறேன்.

நிலம் வாங்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. மேலே கம்பி ஓடுவது வில்லங்கச் சான்றில் வராது, ஏனென்றால் அந்த உரிமை பத்திரம் பதிந்து வந்ததில்லை. திட்டமிட்டு இன்னும் கட்டாத பாதை கண்ணுக்கும் தெரியாது. முன்பணம் கொடுக்கும் முன் வரப்போரமாக ஒரு நடை நடந்து, சுண்ணாம்பு பூசிய குச்சியோ எண் எழுதிய கல்லோ நட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இழப்பீட்டை யார் வாங்குவது என்பதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.